கைப்பிடியின் நீளம்

"வழியில வண்டி நின்னுட்டுன்னா என்ன செய்வ?"

நான் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் இல்லை. மாமா கேட்டார், சித்தி கேட்டாள், அண்ணன் கேட்டான். அம்மா கேட்கவில்லை. ஆனால் மாமா கேட்டபோது, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து ஆலங்குளம் தாண்டி இருக்கும் என் கல்லூரிக்குப் போக வர 80 கிலோமீட்டர். கணவரைப் பிரிந்து அம்மாவோடு வந்துவிட்ட பிறகு கிடைத்த வேலை அது. இரண்டு பேருந்து மாறிப் போனால் காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்பலாம். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இந்த இரண்டையும் ஒரே வாரத்துக்குள் வைத்துத் தைப்பதற்கு எனக்கு ஒரு கார் தேவைப்பட்டது. பழைய சின்னக் கார்தான், இரண்டாம் கையாக வாங்கியது.

ஒரு பெண் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் குடும்பங்கள் இந்தக் கேள்வியை வைத்தே அளந்து வைத்திருக்கின்றன. ஸ்கூட்டி என்றால் பஜார் வரை. கார் என்றால் ஊர் எல்லை வரை, அதுவும் பகலில். என் அண்ணனுக்கு ஸ்டெப்னி மாட்டத் தெரியாது. அவன் கொடைக்கானலுக்கு ராத்திரியில் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவான். அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவன் வண்டி நின்றால் வழியில் போகிற இன்னொருவன் இறங்கி வந்து உதவுவான் என்று எல்லோருக்கும் தெரியும். என் வண்டி நின்றாலும் யாராவது இறங்கி வரத்தான் செய்வார்கள். அவர்கள் பயப்படுவது அதற்குத்தான்.

அந்தக் கேள்விக்கு என் பதில் இப்போது காரின் டிக்கியில் காக்கித் துணிப்பை ஒன்றில் 9 கிலோ எடையில் கிடக்கிறது. அந்தப் பையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் வலுவைப் பற்றிப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். "பொம்பளக் கையால வீல் நட்டக் கழட்ட முடியாதும்மா." சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னக் கார்களின் சக்கர நட்டை இறுக்க வேண்டிய விசை பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 100 என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியோடு தருகிற வீல் ஸ்பேனரின் கை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, 25 சென்டிமீட்டர் இருக்கும். அதன் நுனியில் ஏறக்குறைய 40 கிலோ அழுத்தம் கொடுத்தால்தான் நட்டு அசையும். அதே ஸ்பேனரின் கை 50 சென்டிமீட்டராக இருந்தால் 20 கிலோ போதும். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 கிலோ. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக் குழாயிலிருந்து நாளுக்குப் பத்து நடை நடந்த பெண்களின் பேத்திகளிடம்தான் வலு இல்லை என்று சொல்கிறார்கள்.

பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டு இன்னும் மோசம். 200 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போயிருக்கும். குட்டைக் கை ஸ்பேனரில் அதற்கு 80 கிலோ வேண்டும். ஆண்களாலும் முடியாது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஸ்பேனரின் கையில் இரண்டரை அடி இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகுகிறார்கள். 80 கிலோ 27 கிலோவாகிவிடும். அந்தக் குழாய் பட்டறையின் மூலையில் யார் கண்ணிலும் படாமல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நமக்குக் காட்டப்படுவது புஜம். நான் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஜி.ஐ. பைப் துண்டுதான் என் பையிலேயே விலை மலிந்த பொருள். அதைவிடப் பயனுள்ள இன்னொன்று அதில் இல்லை.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய பிறகு என்றால் சக்கரம் சேர்ந்து சுற்றும். ஸ்பேனரின் கை இடதுபக்கம் படுக்கையாக நீட்டி நிற்கும்படி மாட்டிக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் முதுகு போய்விடும். கீழ்நோக்கி அழுத்தினால் நம் உடல் எடையே வேலை செய்யும். என் எடை 61 கிலோ. வாழ்க்கையில் முதன்முறையாக அது எனக்கு உபயோகப்பட்டது அந்த இடத்தில்தான்.

நெம்புகோல் நமக்குப் புதிதும் இல்லை. கொட்டைப்பாக்கைப் பல்லால் கடித்து உடைக்க எந்த ஆணாலும் முடியாது. என் பாட்டி பேசிக்கொண்டே பாக்குவெட்டியால் சீவித் தள்ளுவாள். மரையும் அப்படியே. தோட்டின் திருகாணியை, மூக்குத்தியின் திருகைக் கண்ணாடிகூடப் பார்க்காமல் விரல் நுனியால் மரை பிடித்து ஏற்றத் தெரிந்தவர்கள் நாம். மரை சரியாகப் பிடித்திருக்கிறதா, கோணலாக ஏறுகிறதா என்பது விரலுக்குத் தெரியும். சக்கர நட்டைக் கையால் முதல் நாலு சுற்றுச் சுற்றும்போது தேவைப்படுவதும் இந்த அறிவுதான். ஆனால் அடுக்களையில் கிடந்தால் அதைச் சாமான் என்கிறோம், பட்டறையில் கிடந்தால் கருவி என்கிறோம்.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களிலும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்டெப்னி என்பது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். வண்டிகளோடு பெயரும் இந்தியாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் அந்தச் சொல் மனைவி அல்லாத இன்னொரு பெண்ணைக் குறிக்கவும் ஆனது. டீக்கடையில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிப்பவர்களில் பாதிப் பேருக்கு நிஜ ஸ்டெப்னியை மாட்டத் தெரியாது என்பது என் அனுமானம். மரை கழன்றவள் என்ற வசையும் பட்டறையிலிருந்து வந்ததுதான். கழன்ற மரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகமாக முடுக்கியது யார் என்று கேட்பதில்லை.

இந்த இடத்தில் பெர்த்தா பென்ஸைச் சொல்ல வேண்டும். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, பதின்ம வயது மகன்கள் இருவரோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் போனார். 100 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் அதுவரை யாரும் காரில் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார். மின்கம்பி உரசியது, காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது; வழியில் இருந்த செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ஊசியிலும் காலுறைப் பட்டியிலும் வந்து சிரித்து நிறுத்துவார்கள், பெண்புத்தியின் சாமர்த்தியம் என்பதைப் போல. அடைப்பு குழாயில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பவர்கள் குறைவு. தெரிந்தவர் கையில் எதுவும் கருவியாகும், ஊசியும் ஆகும். இன்னொன்று, அந்தத் தொழிலில் இருந்த முதலிலும் ஒரு பங்கு அவருடைய சீதனப் பணம். திருமணத்துக்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். சீதனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

என் பைக்கு வருகிறேன். கடைக்காரர்கள் 108 உருப்படி, 150 உருப்படி என்று பெட்டி பெட்டியாகக் காட்டுவார்கள். வேண்டாம். அரை அங்குல ராட்செட் ஒன்று, 8 முதல் 21 வரை சாக்கெட்டுகள், நீட்டிக்க ஒரு தண்டு, அவ்வளவு போதும். ராட்செட் வாங்கும்போது பல்லை எண்ணிக் கேளுங்கள். 24 பல் உள்ளதை ஒவ்வொரு முறையும் 15 பாகை திருப்பினால்தான் அடுத்த பல் பிடிக்கும். 72 பல் உள்ளதற்கு 5 பாகை போதும். என்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் கை அசைய இடமில்லாத சந்துகளில் இந்தப் பத்துப் பாகைதான் வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும். ஸ்பேனர்களில் வளைய ஸ்பேனர்தான் என் கட்சி. வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்து முனையை மழுக்கிவிடும். வளையம் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும்.

10 எண் ஸ்பேனர் மட்டும் இரண்டு வாங்குங்கள். பேட்டரி முனைகளுக்கு அதுதான், உலகத்திலேயே அதிகமாகத் தொலைவதும் அதுதான். பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடிக்குச் சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். காலையில் வண்டி கிளம்பாததற்குப் பல நேரம் இந்தப் பொடிதான் காரணம். கழற்றும்போது கறுப்பு முனை முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். சிவப்பை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் தகட்டில் பட்டால் பொறி பறக்கும். கையில் வளையலோ மோதிரமோ இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். சடங்கு ஏதும் இல்லாமல், என் வசதிக்காக, நானே வளையல் கழற்றும் இடம் இது ஒன்றுதான்.

பிறகு இரண்டு சின்னப் பொருள்கள். ரேடியோ ஏரியல் போல நீளும் காந்தக் குச்சி. என்ஜினுக்குள் விழுந்த நட்டை மீன் பிடிப்பது போல எடுத்துவிடலாம். அதே மாதிரி நீளும் குச்சியின் நுனியில் எட்டணா அகலக் கண்ணாடி. கண் போகாத இடத்தைப் பார்க்க. கண்ணாடி என்றதும் டோரதி லெவிட் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் பந்தயக் கார் ஓட்டியவர். 1909-இல் பெண்களுக்காக எழுதிய கார் கையேட்டில், பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கார்களில் பின்னோக்குக் கண்ணாடி பொருத்தும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெண்கள் காரில் கண்ணாடி பார்ப்பதைப் பற்றிய நகைச்சுவைகள் இன்னும் நிற்கவில்லை.

டார்க் ரெஞ்ச்தான் இருப்பதில் விலை கூடியது. இவ்வளவு விசை போதும் என்று அளவு வைத்து முடுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதற்கு மேல் முடுக்கக் கூடாது. போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரே கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்து பொய் சொல்லத் தொடங்கும்.

பெண்களுக்கென்றே ரோஸ் நிறத்தில் ஒரு பெட்டி விற்கிறார்கள். ஒரு சுத்தியல், ஒரு அளவு நாடா, வளைந்துபோகிற தகரத்தில் நாலு திருப்புளி. அதில் நீளமான கைப்பிடி எதுவும் இருக்காது. நமக்குத் தேவையான ஒன்றைக் கவனமாக எடுத்துவிட்டுத்தான் நிறம் அடித்திருக்கிறார்கள்.

வண்டியைப் பட்டறைக்கே கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறேன். வீட்டில் எல்லாம் முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். பிரேக் குழாய், ஏர்பேக் பக்கமும் நான் போவதில்லை. ஆனால் பட்டறையில் முதல் கேள்வி "சார் வரலையா மேடம்?" என்பது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பட்டறையில் முன் சக்கரங்களுக்குப் பிரேக் பேட் மாற்றியதாகப் பில் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிக் கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தேன். புதுசில் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய பட்டை 3-க்குத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அந்த வண்டியின் முன் சீட்டில்தான் டயாலிசிஸ் முடிந்து தலை தொங்கிய அம்மாவைப் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கூட்டி வருகிறேன். திங்கட்கிழமை போய்ச் சொன்னபோது மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "நட்டக் கழட்டுனது யாரு மேடம்?" நான்தான் என்றேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது எந்த வேலைக்கு விட்டாலும் கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் சுற்றித் தரச் சொல்கிறேன். இதற்குக் கருவிகூடத் தேவையில்லை, கேட்டால் போதும்.

அதே பட்டறையில் இன்னொன்றையும் பார்த்தேன். இறுக்கமான சந்துகளுக்குள் கை விடும் வேலையெல்லாம் ஒரு பையனுக்கு. வயது பதின்மூன்றுக்கு மேல் இருக்காது. 2016-இல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. "சின்னக் கை, ஈசியா போயிரும்" என்றார் மெக்கானிக். என் கையும் சின்னதுதான். அந்தச் சந்துகளுக்குள் என் கை நன்றாகவே போகிறது. ஆனால் சின்னக் கை என்பதைப் பெண்களின் அனுகூலமாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. எந்தக் கைகளைச் சின்னதாக இருக்கும்போதே உள்ளே விடச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டேன்.

போன ஆனியில், மேற்கிலிருந்து காற்று மண்ணை வாரி அடிக்கும் நாளில், கல்லூரி வளாகத்தில் டயரில் ஆணி ஏறிவிட்டது. மூன்றாமாண்டு மாணவிகள் சுற்றி நின்றார்கள். பையைப் பிரித்ததும் ஒருத்தி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கினாள். ராட்செட், பதினேழு, பத்தொம்பது, டாமி பார். அவள் அப்பாவுக்கு லாரிப் பட்டறை.

"இவ்வளவும் எப்படித் தெரியும்?"

"எடுத்துக் குடுக்கது நாந்தானம்மா."

"கழட்டிப் பாத்திருக்கியா?"

"இல்லம்மா. அப்பா விட மாட்டாங்க. தம்பிதான் கழட்டுவான்."

தம்பி அவளைவிட இரண்டு வயது இளையவன்.

மறுநாள் வகுப்பு வேற்றுமை. மூன்றாம் வேற்றுமை உருபு 'ஆல்' செய்பவரையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். தம்பியால் கழற்றப்பட்டது. ஸ்பேனரால் கழற்றப்பட்டது. தொல்காப்பியர் காலத்திலிருந்து இரண்டுக்கும் ஒரே வேற்றுமைதான். இருபது வருடமாக நடத்துகிற பாடம். கரும்பலகையில் அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதிவிட்டு, எடுத்துக் கொடுத்தவளை இதில் எங்கே வைப்பது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "அவளுக்குத் தனியா ஒரு வாக்கியம் எழுதணும்மா" என்றாள்.

லாரிப் பட்டறைக்காரர் மகள் அந்த வாரமே குழாய்த் துண்டையும் ராட்செட்டையும் இரவல் கேட்டாள். கொடுத்தேன். வீட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்றதற்கு, "அதத் தொட்டா கேப்பாங்க, இது அம்மாவோடதுல்ல" என்றாள். டார்க் ரெஞ்சை மட்டும் கொடுக்கவில்லை. கீழே போட்டால் அளவு மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், காலை எட்டு மணிக்கு, வாசலில் வெயில் விழுவதற்கு முன்னால். பின் சக்கரம் இரண்டையும் கழற்றி முன்னுக்கு மாற்ற வேண்டும். இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். பழைய சுடிதார் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.